திருப்பும்போது உரசும் ரயர்: காரணத்தை நாமே கண்டறிவோம்

இப்படி ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். விடியற்காலை நான்கு மணி. புதுக்குடியிருப்பில் ஒரு குடும்பம் தனது பழைய வானில் கச்சான் மூடைகளை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் புறப்படுகின்றது. ஒழுங்கையிலிருந்து பரந்தன்–முல்லைத்தீவு வீதிக்கு ஏறுவதற்காக ஸ்ரியறிங்கை வலப்பக்கம் திருப்பும்போது, முன்பக்கத்தில் "சர்ர்" என்று ஒரு சத்தம். நேராக ஓடத் தொடங்கியதும் சத்தம் நின்றுவிடுகின்றது. "நேராய் ஓடேக்கை ஒண்டும் இல்லைத்தானே, பிறகு பாப்பம்" என்று பயணம் தொடர்கின்றது. ஒவ்வொரு திருப்பத்திலும் மட்காட்டின் கூரிய விளிம்பு ரயரின் பக்கச் சுவரைக் கொஞ்சங் கொஞ்சமாக வெட்டுகின்றது. அந்த ரயர் எங்கே வெடிக்கும் என்பது ஒருவருக்கும் தெரியாது. வாகனத்தில் மூடைகள் மாத்திரமல்ல, பிள்ளைகளும் இருக்கின்றார்கள்.

எமது பகுதியில் ஒரு வாகனம் என்பது ஆடம்பரப் பொருள் அல்ல. விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோவதும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதுதான். இடம்பெயர்ந்த நாட்களில் வீடும் அதுவாகவே இருந்தது. 1990களில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வன்னிக்குள் வருவது தடுக்கப்பட்டிருந்தபோது, ஒஸ்ரின், மொறிஸ் கார்களை எம்மவர்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். 2009ஆம் ஆண்டு அந்த வாகனங்களிற் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டே மக்கள் வெளியேறினார்கள். 2012ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது. மீண்டு வந்தவர்கள் கடன்பட்டும் நகை அடைவு வைத்தும் பழைய வாகனங்களையே வாங்கினார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இன் தொடக்கத்திலேதான் தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் பழைய வாகனங்களின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறிப்போயின. ஆகவே, கையில் இருக்கின்ற வாகனத்தைக் காப்பாற்றத் தெரிந்திருப்பது நிலத்தைக் காப்பாற்றத் தெரிந்திருப்பதைப் போன்ற ஓர் அறிவே.

இந்தப் பாடத்தின் நோக்கம் உங்களை மெக்கானிக் ஆக்குவது அல்ல. உரசல் எங்கே, எதனால் வருகின்றது என்று நீங்களே கண்டுகொள்ளவும், எதை வீட்டில் திருத்தலாம், எதற்குக் கராஜுக்குப் போகவேண்டும், எப்போது வாகனத்தை அசைக்கவே கூடாது என்று பிரித்தறியவும் இது உதவும். தேவையான பொருட்கள்: ஒரு ரோச் லைற், ஒரு வெண்கட்டி, அளவு நாடா, ஜக், மரக் குற்றிகள், அலவாங்கு. உதவிக்கு இன்னொருவர் வேண்டும்.

1. முன்சில்லு எப்படித் திரும்புகின்றது?

உங்கள் வலக்கையை ஒரு சில்லைப்போல நிமிர்த்தி, விரல்கள் முன்னே பார்க்கும்படி பிடியுங்கள். இப்போது கையை வலப்பக்கம் திருப்புங்கள். விரல் நுனிகள் வெளியே, வலப்பக்கம் போகின்றன. கையின் பின்பகுதி உள்ளே வருகின்றது. சில்லும் இப்படித்தான் திரும்புகின்றது.

ஸ்ரியறிங்கை வலப்பக்கம் திருப்பும்போது:
– வலச் சில்லின் முன்விளிம்பு வெளியே, மட்காட்டின் உதட்டை நோக்கிப் போகும். அதன் பின்விளிம்பு உள்ளே, செசியை நோக்கிப் போகும்.
– இடச் சில்லின் முன்விளிம்பு உள்ளே போகும். அதன் பின்விளிம்பு வெளியே, மட்காட்டின் பின்மூலையை நோக்கிப் போகும்.

இடப்பக்கம் திருப்பும்போது இவை எதிர்மாறாக நடக்கும். இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவின் உட்பக்கத்தில் உள்ள சில்லு, வெளிப்பக்கச் சில்லைவிடக் கூடுதலாகத் திரும்பும். வலப்பக்கம் திருப்பினால் வலச் சில்லே கூடுதலாகத் திரும்புகின்றது. ஆகவே ஒரு பக்கம் திருப்பும்போது மாத்திரம் சத்தம் வந்தால், பார்க்கவேண்டிய இடங்கள் நான்கே. இரண்டு சில்லுகளின் முன்விளிம்பும் பின்விளிம்பும்தான் அவை.

2. முதலில் ஆறு கேள்விகள்

அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் சாவியை எடுக்குமுன் வாயைத் திறப்பார். கேள்விகள் கேட்பார். அந்தக் கேள்விகளை நாமும் கேட்கலாம்.

(1) எந்தப் பக்கம் திருப்பும்போது சத்தம் வருகின்றது?
(2) முழுவதும் திருப்பினால் மாத்திரமா, பாதி திருப்பும்போதேயா?
(3) வெறும் வாகனத்திலுமா, சுமை ஏற்றினால் மாத்திரமா?
(4) திடீரென்று தொடங்கியதா, மெல்ல மெல்லக் கூடியதா? அதற்கு முன் என்ன நடந்தது?
(5) தொடர்ந்து உரசுகின்றதா, சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒருமுறை மாத்திரமா?
(6) பிறேக் பிடிக்கும்போது சத்தம் கூடுகின்றதா?

இப்படி ஓர் உரையாடலை வைத்துப் பார்ப்போம்.

"எந்தப் பக்கம் திருப்பேக்கை உரசுது தம்பி?"

"வலப்பக்கம் திருப்பேக்கைதான் அண்ணை. இடப்பக்கம் ஒண்டுமில்லை."

"வெறும் வானிலையும் உரசுதோ?"

"இல்லை அண்ணை. மூடை ஏத்தினாத்தான்."

"எப்ப துவங்கினது?"

"மாரிக்குப் பிறகுதான். ஒட்டுசுட்டான் பக்கம் ஒருக்காப் பள்ளத்துக்கை விட்டுட்டன்."

இந்த மூன்று பதில்களிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. ஒரு பக்கம் மாத்திரம், சுமையோடு மாத்திரம், பள்ளத்தில் விழுந்த பின் தொடங்கியது. ஆகவே அந்தப் பக்கத்து வில் உடைந்திருக்கலாம் அல்லது சில்லைத் தாங்கும் கை வளைந்திருக்கலாம். ரயர் மாற்றிய மறுநாளே தொடங்கியிருந்தால் ரயரின் அளவைச் சந்தேகிக்க வேண்டும். கராஜில் வேலை செய்த பின் தொடங்கியிருந்தால், அங்கே கழற்றிப் பூட்டிய இடத்தை முதலிற் பார்க்கவேண்டும்.

3. வெண்கட்டிப் பரிசோதனை

வாகனத்தை மட்டமான இடத்தில் நிறுத்துங்கள். இயந்திரத்தை நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முதலில் கண்ணாற் பாருங்கள். ஸ்ரியறிங்கை ஒருவர் முழுவதும் திருப்ப, மற்றவர் ரோச் அடித்து, இரண்டு சில்லுகளின் உள்ளும் புறமும் பார்க்கவேண்டும். உரசிய இடம் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். ரயரில் ஒரு வட்டமான பளபளப்புக் கோடு தெரியும். உலோகத்திற் சேறும் நிறப்பூச்சும் போய் வெளிறிய ஒரு திட்டுத் தெரியும்.

ஒன்றும் தெரியாவிட்டால், இரண்டு முன்ரயர்களினதும் தோள்களிலும் பக்கச் சுவர்களிலும் வெண்கட்டியைத் தடிப்பாகப் பூசுங்கள். வெண்கட்டி இல்லாவிட்டால் சுண்ணாம்பும் போதும். உள்விளிம்பிலும் பூச மறக்கவேண்டாம். பின்னர் சத்தம் வரும் வழக்கமான சுமையோடு, ஆட்கள் நடமாட்டமில்லாத வெளியில் மிக மெதுவாக ஒரு பக்கம் மாத்திரம் திருப்பி ஓட்டுங்கள். நிறுத்திப் பாருங்கள். வெள்ளை எங்கே அழிந்திருக்கின்றதோ ரயர் அந்த இடத்திற் பட்டிருக்கின்றது. வெள்ளை எங்கே ஒட்டியிருக்கின்றதோ அதுவே ரயரை உரசும் பாகம். பிறகு மறுபக்கம் திருப்பி அதேபோலச் செய்யுங்கள்.

கவனிக்க: வாகனம் ஓடும்போது ஒருவர் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டு வரக்கூடாது. பிள்ளைகளை அயலில் விடவேண்டாம்.

4. காரணங்கள்

அ. ரயரின் அளவு பிழை

எமது பகுதியில் அதிகம் காணப்படும் காரணம் இதுவே. பழைய ரயர் கிடைக்கும் விலையைப் பார்த்து வாங்குகின்றோம், அளவைப் பார்ப்பதில்லை. ரயரின் பக்கத்தில் 145/70 ஆர் 12 என்பதுபோல எழுதியிருக்கும். 145 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தின் நூற்றுக்கு எத்தனை வீதம் என்பது. 12 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில்.

ஒரு காருக்கு உரிய ரயர் 145/70 ஆர் 12 என்று கொள்வோம். அதற்குப் பதிலாக 165/70 ஆர் 12 போட்டால் என்ன நடக்கும்? ஓர் இலக்கந்தான் வேறு. கணக்கைப் பார்ப்போம்.

முதல் ரயர்: பக்கச் சுவர் 145இன் 70 வீதம், அதாவது 101.5 மில்லிமீற்றர். மேலும் கீழுமாக 203. றிம் 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீற்றர். மொத்த விட்டம் 507.8 மில்லிமீற்றர்.

இரண்டாவது ரயர்: பக்கச் சுவர் 165இன் 70 வீதம், 115.5 மில்லிமீற்றர். மேலும் கீழுமாக 231. றிம்மோடு சேர்த்து 535.8 மில்லிமீற்றர்.

விட்டத்தில் 28 மில்லிமீற்றர் கூடுகின்றது. சில்லின் நடுவிலிருந்து எந்தத் திசையிற் பார்த்தாலும் 14 மில்லிமீற்றர் பெருத்துவிட்டது. அகலத்திலும் பக்கத்துக்குப் 10 மில்லிமீற்றர் கூடியிருக்கின்றது. நேராக ஓடும்போது இது இடைவெளிக்குள் அடங்கிவிடும். முழுவதும் திருப்பும்போது அடங்காது. அளவுப் பிழையால் வரும் உரசல் பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் திருப்பும்போதும், முழுத் திருப்பத்தின் முடிவிலும் வரும்.

றிம் மாற்றியிருந்தாலும் இதே கதைதான். றிம்மின் நடுத்தட்டு உள்ளே தள்ளியிருக்கின்றதா வெளியே தள்ளியிருக்கின்றதா என்பது வாகனத்துக்கு வாகனம் வேறுபடும். நட் ஓட்டைகள் பொருந்துவதால் றிம் பொருந்துகின்றது என்று எண்ணவேண்டாம். கழற்றிய பழைய றிம்மையும் புதிய றிம்மையும் நிலத்திற் கிடத்தி, ஒரு நேரான பலகையை விளிம்பின்மேற் குறுக்காக வைத்து, பலகையிலிருந்து நடுத்தட்டு வரையுள்ள ஆழத்தை அளந்து ஒப்பிடுங்கள்.

பழைய ரயர் வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். பக்கச் சுவரில் ஒரு சிறிய கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்ட ரயர் அது. பூ நன்றாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்புகள் ஓடியிருந்தால் அந்த ரயரை முன்சில்லுக்குப் போடவேண்டாம்.

ஆ. வில் தளர்ந்தது அல்லது உடைந்தது

வில் தளர்ந்தால் உடல் தாழ்ந்து, மட்காட் ரயருக்குக் கிட்ட வருகின்றது. சுமையோடு, அல்லது பள்ளத்தில் ஏறி இறங்கும்போது உரசல் கூடினால் இதைச் சந்தேகியுங்கள். சோதிப்பது எளிது. மட்டமான இடத்தில், வெறும் வாகனத்தில், ரயர்களின் காற்றைச் சரிபார்த்தபின், சில்லின் நடுவிலிருந்து நேர் மேலே மட்காட்டின் விளிம்பு வரை அளவு நாடாவால் அளவுங்கள். மறுபக்கத்தையும் அளவுங்கள். ஒரு பக்கம் இரண்டு சென்ரிமீற்றர்வரை தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்து வில்லை ரோச் அடித்துப் பாருங்கள். சுருள்வில் அடிச்சுற்றிலே உடைவது வழக்கம். தகட்டுவில் இருந்தால் ஒவ்வொரு தகட்டையும், நடுப் போல்ற்றையும் பாருங்கள். நடுப் போல்ற் அறுந்தால் அச்சே முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். சில வான்களிலும் மொறிஸ் மைனரிலும் வில்லுக்குப் பதிலாக நீண்ட முறுக்குத் தண்டு இருக்கும். அது தளர்ந்தால் உயரத்தைச் சரிசெய்ய வழியுண்டு. அதைக் கராஜிற் செய்விப்பதே நல்லது.

இரண்டு பக்கமும் ஒரேயளவு தாழ்ந்திருந்தால், உங்கள் சுமையைப் பாருங்கள். 50 கிலோ மூடைகள் பத்து என்றால் அரைத் தொன். அதற்குமேல் ஐந்து பேர் ஏறுகின்றார்கள். வாகனம் எவ்வளவைத் தாங்கும் என்பது அதன் கைநூலில் உண்டு. புதிய வில் போட்டாலும் அதே சுமையை ஏற்றினால் அதே உரசல் திரும்பி வரும்.

இ. சில்லு தன் இடத்தை விட்டு நகர்ந்தது

மட்காட்டின் குழிக்குள் சில்லு நடுவில் இருக்கவேண்டும். சில்லை நேராக வைத்து, ரயரின் முன்னே உள்ள இடைவெளியையும் பின்னே உள்ள இடைவெளியையும் விரலால் அளந்து, மறுபக்கச் சில்லோடு ஒப்பிடுங்கள். ஒரு சில்லு மாத்திரம் பின்னே போயிருந்தால், கீழ்க்கை வளைந்திருக்கலாம் அல்லது அதைப் பிடித்திருக்கும் றப்பர் புஷ்கள் சிதைந்திருக்கலாம். பிறேக் பிடிக்கும்போது உரசல் கூடுவது புஷ்களுக்குரிய அடையாளம். பிறேக் பிடிக்கும்போது சில்லு பின்னே தள்ளப்படுகின்றது. புஷ் நல்லதாக இருந்தால் அதைத் தாங்கும். மாருதி 800 போன்ற சிறு கார்களில், இரண்டு சில்லுகளுக்கும் குறுக்கே ஓடும் வளைந்த தண்டுதான் சில்லை முன்பின் நகராமற் பிடித்திருக்கின்றது. அதன் புஷ்கள் மலிவானவை. ஆனால் அவற்றைக் கவனியாமல் விட்டாற் போகும் ரயர் மலிவானது அல்ல.

ஈ. பெயாறிங், போல் ஜொயின்ற், ரை றொட் தேய்ந்தது

இவையே ஆபத்தானவை. இவற்றைப் பற்றி அடுத்த பகுதியிற் சொல்லுவோம்.

உ. சிறு காரணங்கள்

மட்காட்டின் உள்ளே பூட்டப்பட்டிருக்கும் பிளாஸ்ரிக் தகடு ஆணி கழன்று தொங்குவது. துருப்பிடித்த மட்காட்டின் விளிம்பு மடிந்து நிற்பது. மாரியில் மட்காட்டுக்குள் அப்பிய சேறு காய்ந்து கட்டியாவது. சேற்றுத் தடுப்பு றப்பர் ஒரு பக்கம் அறுந்து ரயரிற் படுவது. இவற்றை அரை மணித்தியாலத்தில் வீட்டிலேயே திருத்தலாம். எனவேதான் எப்போதும் இவற்றை முதலிற் பாருங்கள். சேற்றைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து மரத்துண்டாற் சுரண்டுங்கள். இரும்பாற் குத்தினால் பிறேக் குழாய் சேதமாகும்.

உழவு இயந்திரம், ஜீப் போன்றவற்றில் சில்லு எவ்வளவு திரும்பலாம் என்று தடுக்கும் போல்ற் ஒன்று அச்சில் இருக்கும். அது தேய்ந்தாலோ உள்ளே திருகப்பட்டாலோ சில்லு அளவுக்கு மீறித் திரும்பி, செசியில் அல்லது வில்லில் உரசும். உழவு இயந்திரத்தில் முன்சில்லுகளின் அகலத்தைக் குறைத்திருந்தாலும் ரயர் உடலுக்குக் கிட்ட வரும். இரண்டு பக்கத்தையும் ஒரேயளவாக வைத்து, முழுவதும் திருப்பியபோது குறைந்தது இரண்டு விரல் இடைவெளியாவது இருக்குமாறு போல்ற்றைச் சரிசெய்து, பூட்டு நட்டை இறுக்குங்கள்.

5. ஜக் வைத்துச் சோதித்தல்

எமது கரையோர மண் மணற்பாங்கானது. ஜக்கின் கீழே அகலமான பலகை வையாவிட்டால் அது புதைந்து சரியும். ஜக்கை மாத்திரம் நம்பி வாகனத்தின் கீழே தலையையோ கையையோ வைக்கக்கூடாது. மரக் குற்றிகளை அண்டை கொடுத்து, வாகனத்தை அவற்றின்மேல் இறக்கியபின் வேலை செய்யுங்கள். சீமெந்துக் கல்லை அண்டை கொடுக்கவேண்டாம். அது முன்னறிவித்தல் இல்லாமல் நொருங்கும்.

முதலில், சில்லை உயர்த்துமுன் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த நட்டே காரணமாக இருக்கலாம். பின்னர் சில்லை உயர்த்துங்கள்.

– சில்லைக் கையாற் சுழற்றுங்கள். ஓரிடத்தில் மாத்திரம் நெளிந்தால் றிம் வளைந்திருக்கின்றது அல்லது ரயர் வீங்கியிருக்கின்றது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும் சத்தத்திற்கு இதுவே காரணம்.
– சில்லை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், உதவியாளரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பெயாறிங் தளர்ந்திருக்கின்றது. பிறேக் மிதித்தும் ஆட்டம் நில்லாவிட்டால் போல் ஜொயின்ற் அல்லது கிங் பின் தேய்ந்திருக்கின்றது.
– சில்லை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். இப்போது மாத்திரம் ஆட்டம் இருந்தால் ரை றொட் முனைகளைப் பாருங்கள்.
– ரயரின் கீழே அலவாங்கை வைத்து மெதுவாக உயர்த்துங்கள். சில்லு மேலே எழும்பி "டக்" என்று விழுந்தால் கீழ் போல் ஜொயின்ற்றைச் சந்தேகியுங்கள்.

சில்லை முழுவதும் திருப்பி, பிறேக் குழாயையும் பாருங்கள். அந்த றப்பர்க் குழாய் ரயரிலோ றிம்மிலோ பட்டுத் தேய்ந்திருந்தால், அது அறும் நாளில் உங்களுக்குப் பிறேக் இராது.

பழைய மொறிஸ் மைனர் கார் ஒரு நல்ல பாடம். அதன் முன்சில்லைக் கீழே தாங்குவது புரியுள்ள ஓர் இணைப்பு. அதற்குக் கிறீஸ் போகாவிட்டால் புரிகள் உள்ளேயே தேய்ந்துபோகும். ஒருநாள், பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது, அது கழன்று, சில்லு மட்காட்டின் கீழே மடிந்துவிடும். கிறீஸ் விலை குறைந்தது. நேரமும் ஐந்து நிமிடந்தான். அதைச் செய்யாத காரணத்தால் எத்தனையோ நல்ல கார்கள் வீதியில் முழங்காலிட்டன.

6. உரசல் அல்லாத சத்தங்கள்

எல்லாச் சத்தமும் ரயர் உரசல் அல்ல. முன்சில்லு இழுக்கும் கார்களில், திருப்பி ஓடும்போது "டக் டக் டக்" என்று வேகத்தோடு கூடும் சத்தம் சில்லுக்குப் போகும் அச்சின் மூட்டிலிருந்து வருகின்றது. அதன் றப்பர் உறை கிழிந்து கிறீஸ் சிதறியிருப்பதைக் காணலாம். பவர் ஸ்ரியறிங் உள்ள வாகனங்களில் முழுவதும் திருப்பிப் பிடித்தால் வரும் முனகல் எண்ணெய்ப் பம்பினுடையது. எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். அழுத்தமான சீமெந்துத் தரையில் மெதுவாகத் திருப்பும்போது வரும் கீச்சுச் சத்தம் ரயர் தரையிற் தேய்வது. மண்ணில் அது வராவிட்டால் பயப்படவேண்டாம். வெண்கட்டி அழியாமல் சத்தம் மாத்திரம் வந்தால், காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

7. செய்யக்கூடாதவை

– மட்காட்டின் விளிம்பைச் சுத்தியலால் அடித்து மடித்து, காரணத்தைத் தேடாமல் விடுதல். தேய்ந்த போல் ஜொயின்ற் அப்படியே இருக்க, எச்சரித்த சத்தத்தை மாத்திரம் நிறுத்தியவர்களாவோம்.
– றிம்மின் பின்னால் வாசர்களை அடுக்கிச் சில்லை வெளியே தள்ளுதல். நட் பிடிக்கும் புரிகள் குறையும். பெயாறிங்குக்குப் பாரம் கூடும்.
– சுருள்வில்லின் இடையே றப்பர்த் துண்டு, மரத்துண்டு செருகுதல். மற்றச் சுற்றுகள் உடையும்.
– ரயருக்கு அளவுக்கு மீறிக் காற்று அடித்தல்.
– வளைந்த கையையோ ரை றொட்டையோ சூடாக்கி நிமிர்த்துதல், ஒட்டுதல். இவை உயிரைத் தாங்கும் பாகங்கள். மாற்றத்தான் வேண்டும்.

8. கிடைத்த பாகங்களைப் பற்றி

போருக்குப் பின் எமது நிலமெங்கும் எரிந்த வாகனங்களின் இரும்பு கிடந்தது. அவற்றிலிருந்து கழற்றிய பாகங்கள் இன்றும் கைமாறுகின்றன. ஓர் உண்மையை அறிந்துகொள்ளுங்கள். தீயில் வெந்த வில் வெளியே நல்லதாகத் தெரிந்தாலும் அதன் முறுக்கு இறங்கிவிட்டது. பாரம் ஏற்றியதும் தாழ்ந்துவிடும், நிமிராது. வெந்த போல்ற்றும், வெந்த கையும் அப்படியே. நிறப்பூச்சு முழுவதும் போய், செந்நிறத் துரு ஒரே சீராகப் படர்ந்திருந்தால் அதை வாங்கவேண்டாம்.

மேலும், வெடிபொருள் அகற்றி முடிக்காத காணிக்குள் இரும்பு தேடிப் போகவேண்டாம். பிள்ளைகளையும் அனுப்பவேண்டாம். ஒரு வில்லுக்காக ஒரு கால் போவது நட்டமே.

9. உடனே நிறுத்தவேண்டிய நேரங்கள்

பின்வருவனவற்றில் ஒன்றையாவது கண்டால், "மெதுவாய்ப் போய்ச் சேருவம்" என்று எண்ணாமல் வாகனத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

(1) ரயரின் பக்கச் சுவரில் நூல் தெரிகின்றது, அல்லது கொப்புளம் எழும்பியிருக்கின்றது.
(2) முன்னிருந்து பார்க்கும்போது ஒரு சில்லு சரிந்து நிற்கின்றது.
(3) பிறேக் குழாய் தேய்ந்திருக்கின்றது.
(4) ஸ்ரியறிங் ஓரிடத்தில் இறுகுகின்றது, அல்லது திருப்பியபின் தானாகத் திரும்பி வரவில்லை.
(5) சில்லை மேலும் கீழும் ஆட்டும்போது கைக்குத் தெரியும் ஆட்டம் இருக்கின்றது.

கச்சான் ஒருநாள் பிந்திப் போகலாம். விலை சற்றுக் குறையலாம். அயலவரின் பட்டா வாகனத்தைக் கூலிக்கு அமர்த்தும் செலவும் வரலாம். ஆனால் பாரமேற்றிய வாகனத்தின் முன்ரயர் வெடித்தால் ஸ்ரியறிங் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சாரதிக்கும் தெரியாது, எதிரே சைக்கிளில் வருபவருக்கும் தெரியாது.

10. மாதம் ஒருமுறை

மாதத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். காற்று, நட்டுகள், கிறீஸ் முனைகள், மட்காட்டின் உட்பக்கம், ரயரின் உள்விளிம்பு என ஐந்தையும் பாருங்கள். ரயரின் வெளிப்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். உள்விளிம்பிலேதான் கள்ளத் தேய்வு இருக்கும். பார்த்ததை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். சில்லின் நடுவிலிருந்து மட்காட் வரையுள்ள உயரத்தையும் எழுதுங்கள். ஆறு மாதத்தின் பின் அந்த இலக்கம் குறைந்திருந்தால், சத்தம் வருமுன்னரே வில் தளர்வதை அறிந்துகொள்வீர்கள். கராஜுக்குப் போகும்போதும் அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள். "முன்னுக்கு ஏதோ சத்தம்" என்று சொல்லுபவரிடம் பல பாகங்களுக்குக் காசு கேட்கலாம். "வலப்பக்கம் திருப்பினால், சுமையோடு, வலச் சில்லின் முன்விளிம்பு மட்காட்டிற் படுகின்றது, அந்தப் பக்கம் இரண்டு சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்கின்றது" என்று சொல்லுபவரிடம் வில்லுக்கு மாத்திரமே கேட்கலாம்.

கலந்துரையாடலுக்கு

இப்பாடத்தைக் கிராமக் குழுவில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்துரையாடலாம். முடிந்தால் ஒரு வாகனத்தைக் கொண்டுவந்து வெண்கட்டிப் பரிசோதனையைச் செய்து பாருங்கள். பெண்களும் இளைஞர்களும் கட்டாயம் பங்குபற்றவேண்டும். வாகனம் ஓட்டாதவர்களும் அதில் ஏறிப் பயணம் செய்கின்றார்கள்.

1. இடப்பக்கம் திருப்பும்போது மாத்திரம் உரசுகின்றது. எந்தச் சில்லின் எந்த விளிம்பை முதலிற் பார்ப்பீர்கள்? ஏன்?
2. உங்கள் வாகனத்திற் போட்டிருக்கும் ரயரின் அளவு என்ன? கைநூலில் உள்ள அளவும் அதுவும் ஒன்றா? விட்ட வேறுபாட்டைக் கணக்கிடுங்கள்.
3. பிறேக் மிதித்ததும் சில்லின் ஆட்டம் நிற்கின்றது. பழுது எதில்?
4. எமது கிராமத்தில் உள்ள வாகனங்களில் எத்தனை, உரிய சுமைக்கு மேல் ஏற்றி ஓடுகின்றன? சேர்ந்து சந்தைக்குப் போவதனால் அதைக் குறைக்க முடியுமா?
5. ஒரு நல்ல ஜக், ஒரு சோடி உறுதியான மரக் குற்றிகள், ஒரு கிறீஸ் துவக்கு ஆகியவற்றைக் குழுவின் பொதுச் சொத்தாக வாங்கி வைக்கலாமா? அவற்றை யார் பொறுப்பெடுப்பது?